மீட்டரின் சிவப்பு விளக்கு சொல்லும் கணக்கு

சித்திரை பிறந்துவிட்டால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் மின்விசிறிக்கு ஓய்வு கிடையாது. கரிசலும் சுண்ணாம்புக் கல்லுமான பூமி. பகலெல்லாம் வாங்கிய வெயிலை மொட்டைமாடித் தளம் நள்ளிரவு வரை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். ரீடிங் எடுக்க வந்தவர் எழுதிவிட்டுப் போன எண்ணைப் பார்த்த பிறகுதான் “இவ்வளவா ஓடியிருக்கு?” என்ற பேச்சு எழுகிறது. அதற்குள் இரண்டு மாதம் கழிந்துவிடுகிறது.

இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு மின்சாரம் இரண்டு வகை. சின்ன வெங்காயக் காட்டில் ஓடும் மோட்டாருக்கு 1990 முதல் கட்டணம் இல்லை. வீட்டு இணைப்புக்கும் 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் அந்த நூறைத் தாண்டிய பிறகு, ஓட ஓட யூனிட்டின் விலை ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் வீட்டு மீட்டரை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது.

1000 வாட் இழுக்கும் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டரின் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று எண்கள் மாறி மாறி வரும். அவற்றில் ‘கே.டபிள்யூ.எச்.’ என்ற எழுத்துகளோடு வருவதுதான் யூனிட் கணக்கு. சென்ற முறை எடுத்த ரீடிங்கை அதிலிருந்து கழித்தால், இன்றுவரை ஓடியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் என்று வைத்துக்கொண்டு, காலண்டர் தாளில் குறித்து வந்தாலே போதும்.

திரையை விட அதிகம் சொல்வது, பக்கத்தில் மினுக்கும் சிறிய சிவப்பு விளக்கு. மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். பல வீட்டு மீட்டர்களில் அது 3200. அதாவது, விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். இதிலிருந்து ஒரு சுலபமான கணக்கு கிடைக்கிறது: 1125-ஐ, ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட விநாடிகளால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் வந்துவிடும். 3200-க்குப் பதில் வேறு எண் இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, கிடைப்பதை 1125-க்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்து பார்த்தால் புரியும். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு பழைய மின்விசிறியை மட்டும் ஓடவிட்டால், ஏறத்தாழ 15 விநாடிக்கு ஒருமுறை மினுக்கும். அது 75 வாட். அயர்ன் பாக்ஸைப் போட்டதும் விநாடிக்கு ஒன்று ஆகிவிடும். 2000 வாட் கீசரைப் போட்டால் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை துடிக்கும். ஃபிரிட்ஜை மட்டும் இப்படி அளக்கக் கூடாது. அதன் கம்ப்ரசர் ஓடி ஓடி நிற்பதால், ஒருநாள் முழுக்க ஓடிய யூனிட்டைப் பார்ப்பதுதான் சரி.

கீசரைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட்தான். சத்தமில்லாமல் கணக்கை ஏற்றுவது மின்விசிறி. 75 வாட் விசிறி நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், 60 நாளில் 90 யூனிட். இலவச 100 யூனிட்டை ஒற்றை விசிறியே கிட்டத்தட்ட தின்றுவிடுகிறது! 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிக்கு அதே 60 நாளில் 36 யூனிட் போதும். கோடை நீண்ட இந்த மாவட்டங்களில், புதிதாக ஒன்று வாங்குவதென்றால் முதலில் மாற்ற வேண்டியது எப்போதும் ஓடும் அந்த விசிறியைத்தான்.

ஞாயிறுதோறும் குறிப்பதன் பலன் 500 யூனிட்டை நெருங்கும்போது தெரியும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கோ 2,030 ரூபாய். கூடுதலாக ஓடியது பத்தே யூனிட், கூடுதல் செலவு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை போய்விடுவதுதான் காரணம். அதன்பின் விலை ஏறியிருந்தாலும் இந்த 500 கோடு அப்படியே இருக்கிறது. ஏழாவது வாரமே 450-ஐத் தொட்டுவிட்டது தெரிந்தால், மீதி நாட்களில் ஏ.சி.யையும் வீட்டுத் தண்ணீர் மோட்டாரையும் குறைத்துக்கொள்ள வழி உண்டு. பில் வந்த பிறகு தெரிந்து பயனில்லை.

இன்னொன்றையும் மீட்டரிடம் கேட்கலாம். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், செட்-டாப் பாக்ஸ் பிளக்குகளையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் சிவப்பு விளக்கு மினுக்கினால், எங்கோ கரண்ட் கசிகிறது. மீட்டரில் எர்த் என்பதற்கான அடையாள விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதே சந்தேகம்தான்: போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பவில்லை. பில் கூடுவதோடு போகிற விஷயமில்லை இது, மழைக்காலத்தில் ஈரச்சுவரைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே வயர்மேனைக் கூப்பிட வேண்டும். மீட்டரையோ அதன் சீலையோ யாரும் தொடக் கூடாது.

வயரிங் சரியாக இருந்தும் எண்கள் பொருந்தவில்லை என்றால், பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மீட்டரைச் சோதிக்கச் சொல்லலாம். மின்னகம் எண் 94987 94987-இல் எந்த நேரமும் புகார் சொல்லலாம். அலுவலகத்துக்குப் போகும்போது தேதியும் ரீடிங்கும் குறித்த காலண்டர் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.