கடை மூடிய பின்னும் தீராத கடமை

சிங்கப்பூரில் பூன் லே பிளேஸ் போன்ற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் இயங்கும் மருந்தகமோ துணைப்பாட நிலையமோ பணிப்பெண் முகவையோ மூடப்படும்போது, வாடகை முன்பணத்தைத் திரும்பப் பெறுவதிலும் தளவாடங்களை விற்பதிலும் காட்டப்படும் அக்கறை, இழுப்பறைகளில் கிடக்கும் வாடிக்கையாளர் கோப்புகளின்மீது போதிய அளவு விழுவதில்லை. அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, நோய் விவரம், சம்பளம் என நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பட்டவை அவை.

2012இல் நிறைவேறி, அதன் முதன்மை விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், கைவசமுள்ள தகவலை உரிய ஏற்பாடுகளுடன் காப்பதையும், தொழிலுக்கோ சட்டத்துக்கோ தேவைப்படாத தகவலை வைத்திராமல் நீக்குவதையும் நிறுவனங்களின் கடமையாக்குகிறது. ஆனால் வரி, கணக்குப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று வேறு சட்டங்கள் கூறுவதால், மூடும் நிறுவனம் எல்லாவற்றையும் எரித்துவிடவும் முடியாது, எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைக்கவும் கூடாது. ரசீதைக் காக்க வேண்டும் என்பதற்காக, அதனுடன் பின்னப்பட்டிருக்கும் அடையாள அட்டை நகலையும் காத்தாக வேண்டியதில்லை. இரண்டையும் பிரித்தெடுக்கும் பொறுமையான வேலையே இங்கு முதன்மையானது.

அழிப்பதிலும் கவனம் வேண்டும். 2018இல் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் முடிவு வழங்கிய ஒரு வழக்கில், பணிப்பெண் முகவை ஒன்று பிறருடைய விவரங்கள் அச்சிடப்பட்ட பழைய தாள்களின் மறுபக்கத்தில் குறிப்பெழுதி வாடிக்கையாளரிடம் கொடுத்திருந்தது. தாள்களைக் கிழித்துக் குப்பையில் போடுவது போதாது. ஒட்டிச் சேர்க்க முடியாதபடி இயந்திரத்தில் பொடியாக நறுக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரம் பலரும் மறந்துவிடும் ஒன்று: நகலெடுத்த பக்கங்களின் படங்களைத் தன் உள்வட்டில் சேமித்துவைக்கும் வகைகள் உள்ளதால், வட்டைத் துடைக்காமல் திருப்பி அனுப்பினால் கோப்புகளும் உடன் போய்விடும்.

தொழில் கைமாறுகையில் வாடிக்கையாளர் பட்டியலும் வாங்குபவரிடம் செல்லச் சட்டம் நிபந்தனைகளுடன் இடம் தருகிறது; விற்பனை முடிந்ததும், தகவல் கைமாறியதை உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டியலையே தனிச் சரக்காக விற்கப் பார்ப்பது வேறு. விவரங்களை எவருக்கும் தருவதில்லை என்று வாக்களித்திருந்த டாய்ஸ்மார்ட் என்னும் அமெரிக்க இணையப் பொம்மைக் கடை, 2000இல் நொடித்தபோது அவற்றை விற்க முயன்று, கூட்டரசு வர்த்தக ஆணையத்தின் வழக்கைச் சந்தித்தது. அந்தப் பட்டியல் இறுதியில் அழிக்கப்பட்டது.

பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுக் கலைந்துபோன நிறுவனத்திடம் வாடிக்கையாளர் எதையும் கேட்டுப் பெறுவது கடினம் என்பதே இதில் மிகவும் வருந்தத்தக்கது. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ இறந்தவர்களின் தகவலுக்குக்கூட 10 ஆண்டுகள்வரை பாதுகாப்பளிக்கிறது. அதன் நோக்கம் நிறைவேற, எஞ்சிய கோப்புகள் யார் பொறுப்பில், எங்கே, எந்த நாள்வரை இருக்கும் என்பதை, நிறுவனத்தைக் கலைக்க விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் முடிவுசெய்துவிட வேண்டும். கடைக் கதவில் ஒட்டும் அறிவிப்பில் நன்றியுரையோடு, கோப்பைப் பெற்றுக்கொள்ளக் கடைசி நாளும், அதன்பின் தொடர்புகொள்ள ஒரு தொலைபேசி எண்ணும் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இடம்பெற வேண்டும்.