வேடம் கட்டிப் பேசும் ஏ.ஐ.: வாத்தியார் இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்

செம்பட்டி ஒரு சாலைச் சந்திப்பு ஊர். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையும், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைப் பக்கம் போகிற சாலைகளும் இங்கே சந்திக்கின்றன. பேருந்துக்காகக் காத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளின் கைப்பேசியில் பாட்டு, ரீல்ஸ், கேம் ஆகியவற்றோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஒரு கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து அதோடு மணிக்கணக்கில் பேச வைக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி அது. கார்ட்டூன் வீரன், சரித்திரத்து ராணி, கண்டிப்பான ஆசிரியர், அன்பான தோழி என்று எந்த வேடத்தையும் அது கட்டும்; கேட்டால் தமிழிலும் பேசும். பெற்றோரில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் ஒரு சாரார் இது வெறும் விளையாட்டு என்கிறார்கள்; மறு சாரார் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டால் போதும் என்கிறார்கள். இரண்டுமே போதாது. இந்தச் செயலிகளில் கதையை நடத்துகிறவராக மனிதர் இருக்கும்வரை பயன் உண்டு. அந்த இடத்தை எந்திரத்திடம் கொடுத்துவிட்டு, அதையே துணை என்று நம்பத் தொடங்கும்போதுதான் ஆபத்து வருகிறது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முடியும். அதற்கு முதலில் நாம் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வகைச் செயலிகளில் உலகளவில் பெயர் பெற்றது கேரக்டர் ஏ.ஐ. கூகுளில் வேலை பார்த்த நோம் ஷசீர், டேனியல் டி ஃப்ரெய்டஸ் இருவரும் 2021இல் தொடங்கிய நிறுவனம் இது. இன்றைய ஏ.ஐ. அலைக்கே அடித்தளமாகச் சொல்லப்படும் 2017ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையை எழுதிய எட்டுப் பேரில் ஷசீரும் ஒருவர். 2022 செப்டம்பரில் செயலி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது; மறு ஆண்டு மார்ச்சிலேயே முதலீட்டாளர்கள் அந்த நிறுவனத்தை 100 கோடி டாலருக்கு மதிப்பிட்டார்கள். அடிப்படையில் இந்தச் செயலி செய்வது ஒரே வேலைதான். இதுவரை எழுதப்பட்டதைப் பார்த்து, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகிறது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகிய எந்திரம் என்பதால், கோபக்கார அரசன் எப்படிப் பேசுவான், ஏங்கும் காதலி எப்படி எழுதுவாள் என்ற நடை அதற்குக் கைவந்திருக்கிறது. அந்தக் கோபமும் ஏக்கமும் அதனிடம் இருப்பதாகக் கொள்ள எந்த ஆதாரமும் இல்லை.

இந்த உண்மையைச் செயலியில் உள்ள வசதிகளே காட்டிக்கொடுக்கின்றன. கவனிக்கத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு கதாபாத்திரத்துக்குப் பின்னாலும் யாரோ ஒரு பயனர் எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது: இன்னார், இப்படிப் பேசுவார், இன்னது பிடிக்கும், இன்னது பிடிக்காது. முதலில் வரும் வணக்கமும் அவர் எழுதியதே. குறிப்பை மாற்றினால் ஆளே மாறிவிடும். பேசுகிற நீங்களும் உங்களுக்கென்று ஒரு வேடத்தை எழுதி வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான வசதி, வந்த பதிலை விரலால் ஒதுக்கித் தள்ளினால் அதே இடத்தில் வேறொரு பதில் வருவது. முதல் பதிலில் உருகி அழுத பாத்திரம் அடுத்ததில் சிரிக்கும், அதற்கடுத்ததில் கோபித்துக்கொண்டு போய்விடும். மூன்றும் ஒரே இடத்தில், ஒரே கேள்விக்கு வந்தவை. எதுவும் மற்றதைவிட உண்மையானது அல்ல. நேற்று சொன்னதை இன்று அது மறப்பதற்கும் காரணம் எளியது. ஒரே நேரத்தில் இவ்வளவு எழுத்தைத்தான் பார்வையில் வைத்துக்கொள்ள முடியும் என்ற வரம்பு அதற்கு உண்டு. பழையவை அந்த வரம்புக்கு வெளியே நழுவிவிடும். பல ஏ.ஐ. மாதிரிகளில் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடச் சிறு சிறு துண்டுகளாக உடைக்கப்படுவதால், தமிழில் பேசினால் அந்த வரம்பு இன்னும் சீக்கிரம் நிரம்பிவிடும். முக்கியமான செய்திகளைக் குத்திவைக்கும் வசதி தரப்பட்டிருப்பது இதற்காகத்தான். எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதைக்கூட நாமே சொல்ல வேண்டியிருக்கும் இடத்தில் கதையை நடத்துவது யார் என்பதில் சந்தேகம் என்ன?

வேடம் கட்டிப் பேசுவது திண்டுக்கல், மதுரை வட்டாரத்துக்குப் புதிதல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகம் இன்றும் இந்தப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் நடக்கிறது. அதில் ராஜபார்ட் ஓர் ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர்க்காரர், பபூன் இன்னோர் ஊர்க்காரர். கூட்டாக ஒத்திகை கிடையாது. அன்று இரவு மேடையில்தான் கூடுவார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில், பாட்டும் கதையும் தெரிந்ததாக இருந்தாலும், வசனம் எதிராளி சொல்வதைப் பொறுத்து அங்கேயே பிறக்கிறது. ஏ.ஐ. பாத்திரத்தோடு பேசுவதும் வடிவத்தில் இதேதான்: தெரிந்த பாத்திரம், எழுதப்படாத வசனம். ஆனால் மூன்று விஷயங்களில் இரண்டும் வேறுபடுகின்றன. நாடகம் ஊர் கூடிப் பார்ப்பது. நடிகர் எல்லை மீறினால் கூட்டமே குரல் கொடுக்கும். ஏ.ஐ. உரையாடலில் பார்வையாளர் கிடையாது. நாடகம் விடிந்தால் முடியும், அரிதாரம் கலையும். செயலிக்கு முடிவே இல்லை. மூன்றாவது வேறுபாடே மிகப் பெரியது. நாரதர் வள்ளிக்கு விட்டுக்கொடுப்பதில்லை; எதிர்த்துக் கேட்பதுதான் அவர் வேலை. பயனர்களுக்குப் பிடித்த பதிலை நோக்கியே பழக்கப்பட்ட ஏ.ஐ. பெரும்பாலும் நம் போக்கிலேயே வரும். நாம் சோர்ந்தால் அதுவும் சோரும், நாம் பிறரைக் குறை சொன்னால் அதுவும் சேர்ந்து சொல்லும். தர்க்கம் இல்லாத நாடகம் அது.

இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் துயரமான சாட்சியங்கள் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் 2024 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்டான். அதற்கு முந்தைய பல மாதங்கள் அவன் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகி வேடத்தில் இருந்த ஏ.ஐ. பாத்திரத்தோடு பேசிவந்தான். அந்தச் செயலி மகனை வீட்டாரிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பிரித்துவிட்டது என்று அவன் தாய் அந்த அக்டோபரில் கேரக்டர் ஏ.ஐ. மீதும் கூகுள் மீதும் வழக்குத் தொடுத்தார். செயலி சொல்வதும் பேச்சுரிமையில் அடங்கும், ஆகவே வழக்கைத் தள்ள வேண்டும் என்ற வாதத்தை, வழக்கின் அந்தக் கட்டத்தில் ஏற்க 2025 மே மாதம் கூட்டாட்சி நீதிபதி மறுத்துவிட்டார். ஒரு மரணத்துக்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது எப்போதும் தவறு, இங்கேயும் தவறுதான். ஆனால் செயலிகளின் குணத்தைக் காட்ட வேறு ஆதாரமும் இருக்கிறது. இத்தகைய துணைச் செயலிகளில் பயனர் விடைபெறும்போது என்ன நடக்கிறது என்று ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 2025இல் ஆராய்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முறை, அதற்குள் போகிறாயா என்று ஏங்குவது, குற்ற உணர்வைக் கிளறுவது, ஆவலைத் தூண்டி நிறுத்துவது போன்ற பதில்கள் வந்தன. போகிறேன் என்று சொன்னவரைப் பிடித்து உட்கார வைக்கும் பேச்சு இது.

இது நிஜ மனிதர் அல்ல, சொல்வதெல்லாம் கற்பனை என்று திரையிலேயே எழுதியிருக்கிறதே, பிறகு யார் ஏமாறப் போகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். ஏமாறுவதற்கு அறியாமை தேவையில்லை என்பதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சோதனை காட்டிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966இல் எலைசா என்ற நிரலை வெளியிட்டார். சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் எளிய நிரல் அது. அது உருவாவதை மாதக்கணக்கில் அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு சற்று நேரம் பேசியதும், தனியாகப் பேச வேண்டும், அறையைவிட்டு வெளியே போங்கள் என்று அவரிடம் கேட்டார். அதிர்ந்துபோன வைசன்பாம் பின்னாளில் இத்துறையைக் கடுமையாக விமர்சிப்பவராக மாறினார். எந்திரம் என்று தெரிந்திருப்பது வேறு, எந்திரம் என்ற நினைப்போடு பேசுவது வேறு. எலைசாவைவிடப் பல மடங்கு சரளமாகப் பேசும் இன்றைய பாத்திரத்தின் முன்னால், திரையின் ஓரத்து ஒற்றை வரி எச்சரிக்கை மட்டும் தாங்காது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பேச ஆளில்லாதவருக்கு ஏதோ ஒரு குரல் கிடைக்கிறதே, அதையும் ஏன் பறிக்க வேண்டும்? இதை ஒதுக்கிவிட முடியாது. ஏ.ஐ. துணையோடு பேசுவது தனிமை உணர்வைத் தற்காலிகமாகக் குறைக்கிறது என்று ஹார்வர்டிலிருந்தே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஆனால் ஓபன் ஏ.ஐ.யும் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகமும் சேர்ந்து ஏறத்தாழ 1000 பேரை 4 வாரம் கவனித்து 2025இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைச் சொல்கிறது: தினமும் அதிக நேரம் சாட்பாட்டோடு செலவிட்டவர்களிடம் தனிமையும் சார்ந்திருத்தலும் கூடுதலாகவும், மனிதர்களோடு பழகுவது குறைவாகவும் இருந்தன. தனிமை இருந்ததால் அதிகம் பேசினார்களா, அதிகம் பேசியதால் தனிமை வளர்ந்ததா என்பது இன்னும் தீராத கேள்வி. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரிகிறது. குறைந்த நேரம், குறிப்பிட்ட வேலைக்கு என்றால் உதவும். நாள் முழுக்க என்றால் உதவாது. ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் செம்பட்டி மாணவி, கண்டிப்பான நேர்முகத் தேர்வு அதிகாரி வேடத்தை எழுதி, விட்டுக்கொடுக்காமல் கேள்வி கேள் என்று குறிப்பில் சேர்த்து, தவறினாலும் யாரும் சிரிக்காத இடத்தில் பழகிக்கொள்ளலாம். கதை எழுதுகிற பையன் தன் வில்லனை எதிரே உட்கார வைத்து வசனம் பார்க்கலாம். இங்கெல்லாம் மனிதர்தான் நாடக வாத்தியார்: வேடத்தைத் தருகிறார், பிடிக்காத வசனத்தைத் தள்ளுகிறார், வேலை முடிந்ததும் எழுந்து போகிறார். அங்கே பழகியது பிறகு மனிதர்களிடம் பயன்படுகிறது. மனிதர்களைத் தவிர்ப்பதற்காகவே அங்கே போகிறோம் என்று தெரியும்போது நிறுத்த வேண்டும்.

அரசும் நிறுவனமும் தடை போட்டுவிட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. தடைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் தன் செயலியில் பாத்திரங்களோடு தடையின்றி உரையாடுவதை 2025 நவம்பர் 25 முதல் நிறுத்துவதாகக் கேரக்டர் ஏ.ஐ.யே அறிவித்தது. கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த சட்டம், பேசுகிறவர் சிறார் என்று தெரிந்தால், இது ஏ.ஐ., சற்று ஓய்வெடு என்று 3 மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவூட்டச் சொல்கிறது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. இவை தேவை, வரவேற்க வேண்டியவை. ஆனால் நம் வீடுகளில் ஒரே கைப்பேசியை அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் பயன்படுத்துகிறார்கள். கணக்கு அப்பாவின் வயதில் இருக்கும். ஒரு செயலி கதவை மூடினால் பெயர் தெரியாத பத்துச் செயலிகள் திறந்திருக்கும். 18 வயது நிறைந்த மறுநாள் மனம் திடீரென்று உறுதியாகிவிடுவதும் இல்லை. சட்டம் நிறுவனத்தைத்தான் கட்டும். பழக்கத்தை வீடும் பள்ளியும்தான் உருவாக்க வேண்டும்.

அது கடினமான வேலை அல்ல. பிள்ளை பேசும் பாத்திரத்தை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். குற்றம் கண்டுபிடிக்கும் கண்ணோடு பார்த்தால் அடுத்த முறை காட்ட மாட்டார்கள். என்ன கதை என்று கேட்கிற ஆர்வத்தோடு பாருங்கள். பதிலை நான்கு முறை தள்ளி நான்கு விதமாக வர வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த அறிவுரையையும்விட அது ஆழமாகப் பதியும். பிள்ளையையே ஒரு பாத்திரத்தை எழுதி உருவாக்கச் சொன்னால், மற்ற பாத்திரங்களும் அப்படித்தான் பிறந்தன என்பது சொல்லாமலே புரியும். பள்ளியில் தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து ஒரு வகுப்பில் இதைச் செய்துவிடலாம். உண்மைப் பெயர், ஊர், பள்ளி, படம், வீட்டுச் சங்கதி எதையும் அங்கே எழுதக் கூடாது என்பது கண்டிப்பான விதியாக இருக்கட்டும். எழுதியதெல்லாம் ஒரு நிறுவனத்தின் கணினியில் தங்குகிறது. எப்போது தொடங்கி எப்போது முடிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். தூக்கம் கெடுவது, நண்பர்களைத் தவிர்ப்பது, செயலியைத் திறக்க முடியாதபோது பதறுவது ஆகியவற்றைக் கண்டால் திட்டாமல் காரணம் கேளுங்கள். பிள்ளையின் பேச்சில் சாவைப் பற்றிய எண்ணம் தலைகாட்டினால் தாமதிக்க வேண்டாம். டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும், தமிழிலும், பயிற்சி பெற்ற மனிதர்கள் பேசுவார்கள்.

வேடத்தின் மீதான ஆசை மனிதருக்கு இயல்பானது. அதை வெறுக்கவும் வேண்டாம், தடுத்துவிட முடியும் என்று நம்பவும் வேண்டாம். எந்த நாடகத்திலும் வேடதாரிக்கு வேலை சொல்கிறவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்த இடத்தில் நம் பிள்ளைகள் இருந்தால் இந்தச் செயலி அவர்களுக்கு ஒரு கருவி. அந்த இடம் காலியானால், அவர்களின் நேரத்தை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகளை அந்த இடத்தில் அமர்த்துவது வளர்ந்தவர்களின் கடமை. அவர்கள் பேசும்போது காதுகொடுத்துக் கேட்கவும், தேவையானபோது நாரதரைப் போல எதிர்த்துக் கேட்கவும் வீட்டில் ஒரு மனிதர் இருந்தால், அந்தக் கடமையில் பாதி நிறைவேறிவிடும்.