சர்க்கரைக் கையேட்டின் முதல் பக்கம்

தடைகளின் பட்டியல்

சர்க்கரை நோயாளிக்குக் கொடுக்கும் தாள்கள் பலவும் இனிப்பு, மாம்பழம், கிழங்கு என்று தடைப் பட்டியலோடுதான் தொடங்குகின்றன. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு மதிப்பிட்டது. மருத்துவர் முன் இவர்கள் உட்காருவது சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் தட்டில் எதை வைப்பது, மாத்திரையை எப்போது போடுவது என்று தாங்களேதான் முடிவெடுக்கிறார்கள். அப்படியிருக்க, எதைச் செய்வது என்பதுதான் முதல் பக்கத்துக்கு வர வேண்டும். எதைத் தின்னக்கூடாது என்பது பிறகு வரலாம்.

லோ சுகர் வந்தால்

கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், அமாவாசை விரதமென்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு மருந்தை மட்டும் வழக்கம்போல எடுத்தால், ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். உடனே 15 கிராம் குளுக்கோஸையோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இனிப்பு விஷம் என்று மட்டுமே படித்தவர் அந்த நேரத்தில் சர்க்கரை டப்பாவைத் தொடத் தயங்கினால், குறை அவருடையது அல்ல. மெட்பார்மின் மட்டும் எடுப்பவருக்கோ இந்த ஆபத்து மிகக் குறைவு. எல்லோருக்கும் ஒரே தாளை அச்சடித்துக் கொடுப்பதில் உள்ள கோளாறு இதுதான்: அவரவர் மாத்திரையின் பெயரைப் பேனாவால் எழுதவாவது அதில் இடம் விட்டிருக்க வேண்டும்.

‘புரிஞ்சுதா?’

தாளைக் கொடுத்துவிட்டுக் கேட்கும் இந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில், ‘சரிங்க டாக்டர்’. அதற்குப் பதிலாக, ‘வீட்டுக்குப் போய் இதை எப்படிச் செய்வீங்க, சொல்லுங்க’ என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்கெல்லாம் எங்கே நேரம் என்பார்கள். சான்பிரான்சிஸ்கோ அரசு மருத்துவமனையில் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 சதவீதத்தைத்தான் மருத்துவர்கள் இப்படித் திருப்பிக் கேட்டார்கள். கேட்டதால் சந்திப்பு நீளவில்லை. கேட்கப்பட்ட நோயாளிகளின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 74 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது. கேட்டதுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நேரமில்லை என்ற சாக்கு அதன் முன் நிற்காது.

அறிவு சர்க்கரையைக் குறைக்குமா?

கனமான மறுப்பு வேறொன்று இருக்கிறது. பிரிட்டனில் புதிதாக நோய் கண்டவர்களுக்கு ஆறு மணி நேரக் குழுப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ‘டெஸ்மண்ட்’ ஆய்வு 2008-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் எடையும் புகைப்பழக்கமும், பயிற்சி பெறாதவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்களிடம் கூடுதலாகக் குறைந்திருந்தன. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் மட்டும் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மாத்திரையின் வேலையைத் தாள் செய்யும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் நள்ளிரவில் இறங்கிய சர்க்கரையும், மரத்துப்போன பாதத்தில் ஆணி குத்தியதை அன்றே பார்த்துவிட்டதும் அந்தச் சராசரியில் பதிவதில்லை.