சார்பும் வேலைப்பிரிவினையும்: செய்நிரலாக்கம் பயிலத் தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம்

கணினிச் செய்நிரலாக்கத்தைப் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் இடர்ப்படும் இடங்களுள் ஒன்று சார்பு என்னும் கருத்தாகும். மாறி, நிபந்தனை, மீளச் செய்தல் ஆகியவற்றை ஓரளவு எளிதிற் கைக்கொள்ளும் அவர்கள், கட்டளைகள் சிலவற்றைத் திரட்டி, அத்திரட்டுக்கு ஒரு பெயரிட்டு, வேண்டும்போதெல்லாம் அப்பெயரால் அதனை அழைக்கலாம் என்ற கட்டம் வந்ததும் தடுமாறுகின்றனர். பாடநூல்கள் பெரும்பாலும் இதனை எழுத்திலக்கணம்போலக் கூறி அமைகின்றன. முக்காற்புள்ளியை எங்கு இடுவது, அடுத்த வரியை எவ்வளவு உள்தள்ளி எழுதுவது என்பன அவற்றிற் கிடைக்கும். எத்தேவையிலிருந்து சார்பு எழுந்தது என்பது கிடைக்காது. இலக்கிய வடிவமொன்றை அதனைத் தோற்றுவித்த சமூகத் தேவையினின்றும் பிரித்துக் கற்பிக்கும்போது விளையும் வறட்சியே இங்கும் விளைகின்றது.

சார்பின் வரலாறு கணினிக்கு முந்தியது. பிரெஞ்சுப் புரட்சியையடுத்து, 1790களில், காஸ்பார் த புரோனி என்னும் பொறியியலாளர் மடக்கை அட்டவணைகளையும் திரிகோணகணித அட்டவணைகளையும் தயாரிக்கும் பெரும்பணியை ஏற்றார். அடம் சிமித் 1776இல் வெளியிட்ட நூலிற் காட்டிய வேலைப்பிரிவினையைக் கணிதத்திற்குப் பிரயோகிக்க அவர் எண்ணினார். சூத்திரங்களைத் தெரிவு செய்த கணித அறிஞர் சிலர் மேல்நிலையிலும், அவற்றை எண்களாக மாற்றியோர் இடைநிலையிலும் அமைந்தனர். கீழ்நிலையிற் பணியாற்றிய அறுபது முதல் எண்பது பேருட் பெரும்பாலோர் கூட்டலையும் கழித்தலையும் மட்டுமே அறிந்தவர்கள். தாம் கூட்டும் எண் எதற்குப் பயன்படும் என்பதை அவர்கள் அறியவேண்டியிருக்கவில்லை. சார்ல்ஸ் பபேஜ் 1832இல் எழுதிய இயந்திரங்களின் பொருளியல் பற்றிய நூலில் இவ்வமைப்பை 'மூளையுழைப்பின் பிரிவினை' என்று விளக்கினார். அந்நூலை மார்க்ஸ் 'மெய்யியலின் வறுமை'யிலும் (1847) 'மூலதன'த்திலும் (1867) எடுத்தாள்கின்றார். சிந்தனையையும் உழைப்பாகக் கூறுபோடலாம் என்பது கணினி தோன்றுமுன்னரே அறியப்பட்ட செய்தி.

இயந்திரம் இக்கூறுகளை ஏற்கத் தொடங்கியது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டு மே மாதம் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியிலேயாம். ஒரே கணிப்பு பல செய்நிரல்களில் வேண்டப்பட்டதால், அதனை ஒருமுறை எழுதித் துளையிட்ட காகித நாடாவிற் பதித்து, உருக்கு அலுமாரியிற் பேணி, வேண்டியோர் தம் நாடாவிற் படியெடுத்துக்கொள்ளும் வழக்கம் தோன்றியது. இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. துணைச்செய்நிரலுக்குட் புகுந்த இயந்திரம் வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது? அழைத்த இடம் ஒவ்வொரு முறையும் வேறுபடுமல்லவா? அப்போது ஆய்வு மாணவராயிருந்த டேவிட் வீலர் இதற்கு வழி கண்டார். அழைக்கும் செய்நிரல் தன் இடத்தின் முகவரியை உடன் கொண்டுசெல்லும். துணைச்செய்நிரல் அம்முகவரியிலிருந்து திரும்பும் கட்டளையை ஆக்கித் தன் இறுதியிற் பொருத்திக்கொள்ளும். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951இல் வெளியிட்ட நூல் இம்முறையை உலகறியச் செய்தது. இன்றைய மொழிகளிற் காணப்படும் 'ரிட்டேர்ன்' என்னும் சொல், அழைத்த இடத்திற்கு மீளும் இந்தச் செயலையே முதலிற் குறிக்கின்றது.

நமது க.பொ.த. உயர்தர மாணவர் பயிலும் பைதன் மொழியில் ஓர் உதாரணத்தை நோக்குவோம். இம்மொழியுடன் 'லென்' என்றொரு ஆயத்தச் சார்பு வருகின்றது. 'தமிழ்' என்ற சொல்லை அதற்குக் கொடுத்தால் அது 5 எனத் திருப்பித் தரும். நாம் அறிந்த எழுத்துகளோ மூன்று. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக யூனிகோட் முறையில் இச்சொல் சேமிக்கப்படுவதே காரணம். சார்பில் வழுவெதுவும் இல்லை. குறியீடுகளை எண்ணுவதென அதனை ஆக்கியோர் முடிவு செய்தனர், அது அவ்வாறே எண்ணுகின்றது. ஆயின் அம்முடிவு பெயருக்குள் மறைந்துகிடக்கின்றது. பிறர் ஆக்கிய சார்பை அழைக்க மட்டும் கற்றவர், கேட்டவுடன் சார்பை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை இன்று கையிற் கொண்டிருப்பினும், புரோனியின் கீழ்நிலைக் கணிப்பாளரின் நிலையிலேயே இருப்பர். ஒரு சார்பையேனும் தாமே எழுதியவருக்குத்தான் பெயருக்குப் பின்னால் ஒரு முடிவு இருக்கின்றது என்பது புலப்படும்.

ஆகவே நாமே ஒன்றை எழுதுவோம். பைதனின் மூன்றாம் பதிப்பு (2008) முதல் சார்புக்குத் தமிழிலேயே பெயரிடலாம். 'எழுத்தெண்ணு' எனக் கொள்வோம். அது பெறுவது 'பாடம்' என்னும் ஒரு பரமானம். உள்ளே 'தொகை' என்ற மாறியைச் சுழியமாக்கி, பாடத்தின் குறியீடுகளை ஒவ்வொன்றாக நோக்கி, உயிர்க்குறி, புள்ளி, இடைவெளி, நிறுத்தக்குறி ஆகியவற்றைத் தள்ளி, ஏனையவற்றுக்கு ஒன்று கூட்டி, ஈற்றில் தொகையைத் திருப்பித் தருகின்றோம். இவ்வளவும் எழுதி இயக்கினாலும் திரையில் ஒன்றும் தோன்றாது. சார்பை வரையறுத்தல் வேறு, அழைத்தல் வேறு. அழைக்கும்போதுதான் 'பாடம்' என்ற பெயர் 'தமிழ்' என்ற பொருளைப் பெறுகின்றது. அழைப்பு முடிந்ததும் 'பாடம்', 'தொகை' என்னும் உள்ளகப் பெயர்கள் மறைந்துவிடும்.

மாணவர் மிகுதியும் மயங்குமிடம் திருப்பித் தருதலுக்கும் திரையிற் காட்டுதலுக்கும் உள்ள வேறுபாடாகும். இரண்டிலும் 3 என்ற எண்ணே கண்ணுக்குத் தெரிவதால் இரண்டும் ஒன்றெனக் கருதுகின்றனர். திரையிற் காட்டுவது மனிதருக்கு. திருப்பித் தருவது செய்நிரலின் பிறிதொரு பகுதிக்கு. கட்டளைக் கலித்துறையை எடுத்துக்கொள்வோம். நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கிப் பதினாறு எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழும் வரவேண்டும் என்பது விதி. இதனைச் சோதிக்க 'ஒற்றுநீக்கியெண்ணு' என்ற இரண்டாஞ் சார்பை எழுதலாம். அது அடியை எழுத்தெண்ணு சார்புக்கு அனுப்பி, திரும்பிவரும் தொகையிலிருந்து அடியிலுள்ள புள்ளிகளையும் ஆய்தங்களையும் கழித்துத் திருப்பும். 'தமிழ்' என்பதற்கு மூன்றிலிருந்து ஒன்று போக இரண்டு. முதற்சார்பு தொகையைத் திருப்பாது திரையில் மட்டும் காட்டியிருந்தால், இரண்டாஞ் சார்புக்குக் கிடைப்பது 'நன்' எனப்படும் வெற்றுப் பெறுமானமே. அதிலிருந்து எண்ணைக் கழிக்க இயலாது செய்நிரல் வழுவுடன் நின்றுவிடும். விடை திரையில் தெரியும்போதே செய்நிரல் நிற்பதைக் கண்டு மாணவர் இயந்திரத்தை நோவர்!

சார்பினால் திருத்தம் ஓரிடத்தில் அமைகின்றது என்பர். உண்மையே; எனினும் முழு உண்மையன்று. நமது விதிப்படி 'பக்ஷி' என்னும் சொல் மூன்றெழுத்தாகும். க்ஷ ஓரெழுத்தே என்று கொள்வோர் எழுத்தெண்ணு சார்பை மட்டும் திருத்தினால், அதனை அழைக்கும் இடமெல்லாம் இரண்டு என்ற விடையைப் பெறும். ஆயின் ஒற்றுநீக்கியெண்ணு பழைய கணக்கை நம்பிப் புள்ளி ஒன்றை இன்னும் கழிப்பதால், இரண்டெனத் தந்த சொல்லுக்கு இப்பொழுது ஒன்றெனத் தரும். கலித்துறையடி ஓரெழுத்துக் குறையும். திருப்பித் தரும் எண்ணின் பொருள் மாறியதால், க்ஷவினுள் நிற்கும் புள்ளியைக் கழிக்காதவாறு இரண்டாஞ் சார்பையும் உடன் திருத்தியாகவேண்டும்.