வந்த அலையும் வராத அலையும்

உலகம் அழியப்போகிறது என்னும் செய்தியைப் போல விரைந்து பரவுஞ் செய்தி வேறொன்றில்லை. 1962ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் ஒன்றுகூடியபோது, பாரத நாட்டிலே சோதிடர் பலர் பிரளயத்துக்கு நாட்குறித்தனர். ஊர்தோறும் யாகங்களும் பிரார்த்தனைகளும் நடந்தன. குறித்த நாள் வந்தது, போயிற்று. உலகம் தன்பாட்டில் சுழன்றுகொண்டிருந்தது. அஞ்சியவர்கள் நாணினார்கள், அஞ்சாதவர்கள் நகைத்தார்கள்.

இன்று பிரளயத்தைப்பற்றிப் பேசுவோர் சோதிடர் அல்லர்; விஞ்ஞானிகள். ஆயினும், கேட்போரின் உள்ளத்தில் எழும் அச்சமும் நகைப்பும் அன்றிருந்தவாறே இருக்கின்றன. பூமி வெப்பமடைகிறது, பனிமலைகள் உருகுகின்றன, காலநிலை திடீரெனத் தலைகீழாக மாறக்கூடும் என்னும் செய்திகளைக் கடலோரத்தில் வாழும் மக்கள் எவ்வாறு ஏற்றுக்கொள்கிறார்கள்? இவ்வினாவுக்கு விடைதேடுவதற்குப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டிற் கிடைப்பதரிது.

சிலாபத்தைக் கடந்து வடக்கே செல்லச் செல்ல, நிலம் ஒடுங்கி நீர் அகலும் காட்சியைக் காணலாம். ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் களப்பு, இரண்டுக்குமிடையே தென்னைமரங்கள் நிற்கும் மணற்பட்டை. உடப்பிலே கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல் கேட்கும். ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் சந்நிதியிலே அவ்வூர் மக்கள் தீமிதிப்பர். அப்பால் பாலாவியும், உப்பளங்கள் சூழ்ந்த புத்தளம் நகரும். மேற்கே திரும்பினால் நுரைச்சோலை, தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயம், முடிவிலே ஒல்லாந்தர் கட்டிய கோட்டையுடன் கற்பிட்டி. 1344ஆம் ஆண்டு இப்னு பதூதா என்னும் உலகப் பயணி வந்திறங்கியது இக்கரையிலேதான். கோவிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஒரே கடற்காற்றை வாங்கிக்கொண்டு நிற்கும் பூமி இது. கடல் ஒரு முழம் உயர்ந்தால் அதனை முதலில் அறியப்போகும் பூமியும் இதுவே.

விஞ்ஞானிகள் கூறுவது யாது? காலநிலை மாற்றம் தொடர்பான அரசாங்கங்களுக்கிடையிலான குழு 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, கரியமிலவாயுவை மனிதர் மிகவும் குறைத்துக்கொண்டாலும் 2100ஆம் ஆண்டளவில் உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 28 முதல் 55 சென்ரிமீற்றர் வரையில் உயரும். குறைக்காமல் மேலும் மேலும் கூட்டிக்கொண்டு போனால் அவ்வுயர்வு 63 முதல் 101 சென்ரிமீற்றர் வரையில் இருக்கும். இவ்வளவும் பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கது. இதற்கு மேலே அவ்வறிக்கை மற்றொன்றையுஞ் சொல்கிறது. துருவப் பனிப்படலங்கள் நிலைகுலைந்து சரியுமானால், கடல் இரண்டு மீற்றரை நெருங்குமளவுக்கு உயர்வதையும் முற்றாக மறுப்பதற்கில்லை. ஆனால் அதனைப்பற்றிய அறிவு இன்னும் உறுதிப்படவில்லை என்பதே அது.

செய்தியைக் கொண்டுவருவோர் செய்யும் பிழை இங்கேதான் தொடங்குகிறது. ‘மறுப்பதற்கில்லை’ என்று விஞ்ஞானி எழுதியது, கைத்தொலைபேசி வழியாகக் கற்பிட்டி வந்து சேரும்போது ‘நடக்கப்போகிறது’ என்று ஆகிவிடுகிறது. நூறாண்டுக் கணக்கு நாளை மறுநாட் கணக்காகிறது.

திடீர் மாற்றம் என்பது வெறுங்கற்பனையன்று. ஏறக்குறைய 12,900 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் பிடியிலிருந்து விடுபட்டுக்கொண்டிருந்த வடபாகம் மீண்டும் கடுங்குளிரில் ஆழ்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அக்குளிர் நீடித்தது. பின்னர்ச் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே அது நீங்கிற்று. கிறீன்லாந்தின் பனியைத் துளைத்தெடுத்த தண்டுகளில் இவ்வரலாறு அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் வெப்பநீரை வடக்கே கொண்டுசெல்லும் பெருநீரோட்டம் தளர்ந்தமையே இதற்குக் காரணமெனப் பெரும்பாலான ஆய்வாளர் கருதுகின்றனர். அந்நீரோட்டம் இந்நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி மீண்டும் நிலைகுலையக்கூடும் என்று 2023 யூலையில் தென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் கணித்துக் கூறினர். 2100க்கு முன் அது திடீரெனக் குலையாது என்பதே மேற்சொன்ன குழு 2021இல் கொண்டிருந்த, ஓரளவு உறுதியான கருத்து. அறிஞர்களுக்குள்ளேயே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அந்நீரோட்டம் தளர்ந்தால் நமக்கென்ன என்று கேட்பதற்கில்லை. ஆசியாவின் பருவமழையும் அதனோடு குன்றுமென்று சொல்லப்படுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி நாட்கணக்குப் போடும் கரையோரத்துக்கு அது வெளியூர்ச் செய்தியன்று.

நகைப்போர் பக்கத்திலும் நியாயமுண்டு. 2003ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சுக்காக இருவர் ஓர் அறிக்கை தயாரித்தனர். மிகமோசமான நிலை ஏற்பட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார்க்கும் கற்பனைக் கணக்கு அது. அடுத்த ஆண்டில் அது பத்திரிகைகளில் வெளிவந்தபோது, இருபது ஆண்டுகளுக்குள் பிரித்தானியா சைபீரியாவைப் போல் உறைந்துவிடும் என்ற தலைப்புச் செய்தியாயிற்று. அதே 2004இல் நியூயோர்க் நகரம் பனியில் உறைவதாகக் காட்டும் ‘த டே ஆஃப்டர் டுமாரோ’ என்னும் திரைப்படமும் வெளிவந்தது. இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன, பிரித்தானியா உறையவில்லை. “அன்று சொன்னதுதானே இன்றும்?” என்று ஒருவர் கேட்டால், அவரை அறிவிலி என்று தள்ளிவிட முடியாது. எண்ணிப்பார்த்ததை எதிர்வுகூறலாக விற்றவர்களே அந்நகைப்புக்கு விதை போட்டவர்கள்.

இக்கரையோரத்தில் நாம் கேட்டவற்றைத் தொகுத்து நோக்கினால், மக்களை நால்வகையினராகக் காணலாம்.

முதல்வகையினர் அஞ்சுவோர். இவர்களுட் பெரும்பாலோர் இளையோரும் பிள்ளைபெற்ற தாய்மாருமாவர். கடலோரத்தில் வீடுகட்டுவதா, காணியை விற்றுவிட்டு அநுராதபுரப் பக்கம் போவதா என்று கணக்குப் பார்ப்போர் இவர்கள். இரண்டாம் வகையினர் நகைப்போர். மூன்றாம் வகையினர், “ஆண்டவன் நாட்டப்படி நடக்கட்டும்” என்று வானை நோக்குவோர். கடல்தாய் தன் பிள்ளைகளைக் கைவிடாள் என்று அம்மனடியாரும், எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று பள்ளிவாசலார் சிலரும், அன்னம்மாளின் காவலுண்டு என்று கத்தோலிக்கருஞ் சொல்வது ஒரே சொல்தான்.

நான்காம் வகையினர் அதிகம் பேசாதவர்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து குடியேறினர். ஒருசில மணிநேரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு நடப்பது எப்படியென்று அக்குடும்பங்களின் மூத்தோர் அறிவர். ஊர் போய்விடும் என்று எவரேனும் சொன்னால் அவர்கள் நகைப்பதுமில்லை, நடுங்குவதுமில்லை. உறுதிப்பத்திரங்களை எங்கே வைத்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்நால்வகை மனமும் ஒரே நாளில் சோதனைக்குள்ளான சம்பவம் ஒன்று உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எச்சரிக்கையெதுவுமின்றி வந்த ஆழிப்பேரலை, நம் நாட்டில் 30,000க்கும் அதிகமானோரைக் கொண்டுபோயிற்று. கிழக்கையும் தெற்கையும் வடக்கையும் அழித்த அவ்வலை, மேற்கு நோக்கிய புத்தளக் கரையைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் பிற்பகலில், சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவிலான நிலநடுக்கம் மீண்டும் ஏற்பட்டது. எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இலங்கையின் கரையோரங்களிலிருந்து மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடினார்கள். அலை வரவில்லை.

ஏன் வரவில்லை? 2004இல் கடலடித்தட்டு மேலெழுந்து நீரைத் தூக்கி எறிந்தது. 2012இல் தட்டுகள் பக்கவாட்டாக வழுக்கின. ஆதலால் நீர் எழவில்லை. நிலம் நடுங்கிய அந்நிமிடத்தில், வழுக்கியதா எழுந்ததா என்று முடிவுகட்டும்வரை காத்திருக்க எவராலும் இயலாது. எச்சரித்தது பிழையன்று, ஓடியதும் பிழையன்று. ஆயினும், மாலையில் வீடு திரும்பியபோது பலரின் உள்ளத்தில் எஞ்சியது நன்றியன்று, சலிப்பு. புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதையை நாமெல்லாம் அறிவோம். கதையில் சிறுவன் பொய்சொன்னான். இங்கே எச்சரித்தவர் பொய்சொல்லவில்லை. இவ்வேறுபாட்டை மக்களுக்கு எடுத்துச்சொல்ல எவரும் இல்லாதபடியால், உண்மையான எச்சரிக்கையும் பொய்க்கூவலோடு சேர்த்து எண்ணப்படுகிறது.

இனி, சத்தமின்றி வந்துபோன அலைகளைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கற்பிட்டிக்கு மேற்கே கடலுக்கடியில் நாட்டின் மிகச்சிறந்த பவளப்பாறைத் தொடர்களுள் ஒன்று இருக்கிறது. 1992இல் அது கடற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1998இல் கடல்நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியபோது, ஆழங்குறைந்த இடங்களிலிருந்த பவளங்கள் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய முற்றாக வெளிறி மடிந்தன. பல்லாண்டுகளில் மெல்லத் தளிர்த்து வந்தவை 2016இல் மீண்டும் வெளிறின. திடீர் மாற்றம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? அது நம் வாசலிலேயே நடந்தது. நீருக்கடியில் நடந்தபடியால் எவரும் ஓடவுமில்லை, நகைக்கவுமில்லை.

உப்பும் அவ்வாறே. வெயிலையும் வரண்ட காற்றையும் மூலதனமாகக்கொண்ட தொழில் அது. பருவந்தவறிப் பெய்த மழை புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விளைச்சலைக் கெடுத்தபடியால், நாற்புறமும் கடல்சூழ்ந்த இந்நாடு 2025ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து உப்பை வரவழைக்க நேர்ந்தது. உப்பளத்துத் தொழிலாளிக்குக் காலநிலை மாற்றம் என்பது 2100ஆம் ஆண்டின் கணக்கன்று, அவ்வாரத்துக் கூலி.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. தெதுரு ஓயா பெருக்கெடுத்துச் சிலாபத்துத் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. கடலையே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முதுகுப்புறமாக ஆறு வந்தது. காற்று ஒரு பாகை வெப்பங்கூடினால் ஏறக்குறைய ஏழு சதவீதம் அதிகமான நீராவியைத் தாங்கும். அது மழையாகக் கொட்டும்போது பழைய வாய்க்கால்களும் பாலங்களும் போதாமற் போகின்றன.

எல்லாவற்றையும் வெப்பத்தின் தலையிலே போட்டுவிடுவதும் நேர்மையன்று. சிலாபத்துக்குத் தெற்கே கடல் தென்னந்தோட்டங்களைத் தின்பதற்கு ஆற்றுமணலை நாம் அள்ளியதும் ஒரு பெருங்காரணம்; ஆறு கொண்டுவரும் மணலே கரைக்கு உணவு. இறால் பண்ணைகளுக்காகக் களப்போரக் கண்டற்காடுகளை வெட்டியவர்களும் நாமே; வெண்புள்ளி நோய் வந்தபின் அப்பண்ணைகளுட் பல வெறுமையாய்க் கிடந்தன. நுரைச்சோலையில் 900 மெகாவாற் மின்சாரத்துக்காக நிலக்கரி எரிகிறது. அதற்கு அண்மையிலே மாம்புரியில் காற்றாலைகள் சுழல்கின்றன. நோயும் மருந்தும் ஒரே கரையில் அடுத்தடுத்து நிற்கின்றன.

மருந்தைப்பற்றியும் சொல்லாமல் விடலாகாது. நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காப்பதற்கான திட்டம் 2015இல் தொடங்கியபோது, அதன் மையம் சிலாபமாக அமைந்தது. காட்டைக் காக்கும் பெண்களுக்குச் சிறுகடன் வழங்கித் தொழில்செய்ய உதவுவது அதன் முறை. சிலாபத்துக்கு அண்மையிலுள்ள பம்பளையில் 2016இல் கண்டற்காடுகளுக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கன்று நட்ட பெண்ணிடம் போய், கடல் ஒரு மீற்றர் உயருமா இரண்டு மீற்றர் உயருமா என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? எவ்வளவு உயர்ந்தாலும் வேர்பிடித்த கரை வெறுங்கரையிலும் மேலானது என்றே சொல்வாள்.

ஆகவே, அஞ்சுவோருக்கும் நகைப்போருக்கும் நாம் கூறவிரும்புவது ஒன்றே. கடலோடி ஒருவன் விடியலில் மேகத்தைப் பார்த்துவிட்டு, இன்று போகவேண்டாம் என்று வள்ளத்தை மேட்டில் ஏற்றிக் கட்டுகிறான். அன்று புயல் வராவிட்டால் ஊரார் அவனைப் பைத்தியக்காரன் என்பதில்லை. அவன் சொன்னது நிச்சயமன்று, நிதானம் என்பதை அவர்கள் அறிவர். விஞ்ஞானியின் எச்சரிக்கையையும் அவ்வாறே கேட்கப் பழகவேண்டும். எவ்வளவு நிச்சயம், எத்தனை ஆண்டில், எங்கே என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு, அதன்பின் அஞ்சலாம் அல்லது நகைக்கலாம். எச்சரிப்போருக்கும் ஒரு கடமையுண்டு. ஐயத்தை மறைக்காமல், தாமதியாமல், கேட்பவரின் தாய்மொழியிலேயே சொல்லவேண்டும். அலை வராத நாளிலும் அது ஏன் வரவில்லையென்று திரும்பிவந்து விளக்கவேண்டும். அவ்வாறு விளக்கினால், அடுத்தமுறை மேட்டுக்குப் போகச் சொல்லும்போது மக்கள் போவார்கள். அந்த அடுத்தமுறை அலை வரவுங் கூடும்.