பட்டன் போனைத் தேடி வந்த மின்னஞ்சல்

அமெரிக்காவில் ஏடி அண்ட் டி செல்போன் வாங்கியவர்களுக்குக் கேட்காமலேயே ஒரு மின்னஞ்சல் முகவரியும் கிடைத்துவந்தது. பத்து இலக்க போன் எண், அட் குறி, நிறுவனத்தின் இணையப் பெயர்: இவ்வளவுதான் முகவரி. அதற்கு யார் மின்னஞ்சல் போட்டாலும் குறுஞ்செய்தியாகப் போய்ச் சேரும். போனில் இணையம் வேண்டாம், செயலி வேண்டாம், சாதாரண பட்டன் போனே போதும். வெரைசான், டி-மொபைல் போன்ற நிறுவனங்களும் இதே வசதியைத் தந்தன.

மின்னஞ்சல் முதலில் நிறுவனத்தின் ‘கேட்வே’ கணினிக்கு வரும். அட் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை அது பிரித்தெடுக்கும். வெறும் எழுத்தை மட்டும் குறுஞ்செய்தி மையத்திடம் ஒப்படைக்கும். போன் அணைந்திருந்தால் செய்தி அந்த மையத்தில் காத்திருந்து, உயிர் வந்ததும் போய்ச் சேரும். அழைப்பு வருவதைச் சொல்ல டவரும் போனும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சமிக்ஞைத் தடம் ஒன்று உண்டு. குறுஞ்செய்தி பயணிப்பது அதில்தான். டேட்டா தேவைப்படாததன் ரகசியம் இதுவே.

ஆனால் அந்தத் தடம் குறுகலானது. ஒரு செய்திக்கு 140 பைட், அதாவது 1,120 பிட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்று வகுத்ததால் 160 எழுத்துகள் கிடைத்தன. 160 போதுமா என்று ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் 1985இல் பான் நகரில் தன் தட்டச்சுப் பொறியில் மனம்போன வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை அதற்குள் அடங்கின.

மின்னஞ்சலோ கூடவே மூட்டை கட்டி வருவது. அனுப்பியவர் முகவரிக்கு 30 எழுத்து, தலைப்புக்கு 40 எழுத்து போனால், விஷயத்துக்கு மிஞ்சுவது 90. அனுபவசாலிகள் தலைப்பைக் காலியாக விட்டார்கள், வணக்கத்தையும் கையொப்பத்தையும் வெட்டினார்கள்.

தமிழுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் வழக்கமாக முழுச் செய்தியும் எழுத்துக்கு 16 பிட் என்ற முறைக்கு மாறிவிடும். 160 என்பது 70 ஆகும். அந்த 70லும் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனி இடம். ‘அம்மா நலம்’ என்பது கண்ணுக்கு ஆறெழுத்தும் ஓர் இடைவெளியும். கணக்கில் அது பத்து. எழுத்துக்கு 7 பிட்டிலேயே தமிழை அனுப்பத் தனி அட்டவணை ஒன்றைச் சர்வதேசத் தரத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது நம் கைபேசிகளில் பரவலாகாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

இத்தனை குறைகளோடும் இந்த வழி அரிய சேவை செய்தது. சர்வர் பழுதானால் நடு இரவில் பொறியாளரை எழுப்பியது; தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்குத் தீ விபத்துத் தகவலைக் கொண்டுபோனது. மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்த எந்தக் கணினியும் ஒரு பைசா செலவில்லாமல் ஒருவரின் சட்டைப்பையைத் தட்ட முடிந்தது.

அந்தத் திறந்த கதவே அதற்கு எமனானது. மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரை எளிதாகப் போலியாக இடலாம். எண்களை வரிசையாக மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கானோருக்கு மோசடிச் செய்தி அனுப்பலாம். பெறுகிறவரும் குறுஞ்செய்திக்குக் காசு கட்டிய நாடு அது. அதனால் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் இத்தகைய இணையப் பெயர்களைப் பட்டியலிட்டு, முன் அனுமதியின்றி அவற்றுக்கு விளம்பரம் அனுப்பத் தடை விதித்தது. மோசடிக்காரர்கள் தடைக்கா அஞ்சுவார்கள்?

2025 ஜூன் 17 அன்று ஏடி அண்ட் டி தன் கேட்வேயை மூடிவிட்டது. முடிவில் நியாயம் உண்டு. ஆனால் பட்டன் போனை மட்டுமே நம்பியிருப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அவசர அறிவிப்பை மின்னஞ்சலிலும் செயலியிலும் மட்டும் போடும் பள்ளிகளும் அலுவலகங்களும், அதையே சில சொற்களில் குறுஞ்செய்தியாகவும் அனுப்ப வேண்டும்.