மூன்று நாள் மலைவாசம்

குடியரசு தினமோ வேறோர் அரசு விடுமுறையோ திங்கட்கிழமையில் வந்து அமையுமானால், ஆண்டுப் பிறப்பன்றே நாட்காட்டியைப் புரட்டி அந்தத் தேதியைச் சுழித்து வைத்துக்கொண்டு, சனி ஞாயிறோடு அதைச் சேர்த்து மலைப் பிரயாணத்துக்கு ஆயத்தம் செய்யும் தம்பதிகள் இப்போது நம்மிடையே பெருகிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இருந்ததில்லை. கல்யாணம், சீமந்தம், கருமாதி என்று ஏதேனும் ஒரு முகாந்தரம் இருந்தாலொழிய ஊரை விட்டுக் கிளம்பியறியாத குடும்பம் எங்களுடையது. பிள்ளைகள் இருவரும் உத்தியோக நிமித்தம் வெளியூர் போய், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டே தட்டுகள் கழுவவேண்டிய நிலைமை வந்த பிறகு ஒருநாள் என் மனைவி, "ஏங்க, முப்பது வருஷமா காரியத்துக்குத்தான் ஊருக்குப் போறோம். ஒரு தடவையாவது சும்மா போயிட்டு வரலாமே" என்றாள். அந்தச் 'சும்மா' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. சென்ற தை மாதத்தில், அத்தகையதொரு மூன்று நாள் விடுமுறையில், கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம்.

பலகைகள் 'கொடைக்கானல்' என்று குறிலாக எழுதுகின்றன. புறநானூற்றில் பாடப்பெற்ற கோடைமலைத் தலைவன் ஆண்ட மலை இதுவே என்று கொள்ளும் புலவர்களோ நெடில்தான் சரி என்று வாதிடுவார்கள். நான் பலகையையே பின்பற்றுகிறேன்; பஸ் பிடிக்க அதுதான் அனுகூலம்.

இரவு சென்னையில் ரயிலேறினால் பொழுது புலர்வதற்கு முன்பே கொடை ரோடு ஸ்டேஷன் வந்துவிடுகிறது. அங்கிருந்து மலையுச்சி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வழியில் வத்தலக்குண்டில் காப்பி சாப்பிட இறங்கியபோது, 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையரும், சிறைக் கொடுமையைத் தேகத்தில் தாங்கிய சுப்பிரமணிய சிவாவும் பிறந்த ஊர் இது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் காப்பி நன்றாயிருக்கிறது என்றாள். இரண்டும் உண்மையே.

சொந்தக் காரில் போகிறவர்கள் முன்கூட்டியே இ-பாஸ் பெற்றுக்கொள்ள வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. 2025-ஆம் ஆண்டுக் கோடைப் பருவத்துக்கு, சாதாரண நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டினார்கள். இதைக் கெடுபிடி என்று குறைகூறுவோர் உண்டு. குறுகலான மலைப்பாதைகளும் ஒரு சிறு கடைவீதியும் உள்ள ஊரில் ஆறாயிரம் வண்டிகள் ஒரே நாளில் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை வளைவில் சிக்கிய பஸ்ஸுக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அனுபவித்தவன் என்ற முறையில், அந்த வரம்பே தாராளம் என்பது என் அபிப்பிராயம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தப் பாஸ் தேவையில்லை.

ஊர் வருவதற்குச் சுமார் 8 கிலோமீட்டருக்கு முன்பு சாலையோரத்தில் வெள்ளி நீர்வீழ்ச்சி. பஸ்ஸிலிருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்க்கும் அந்த 180 அடி அருவி, மேலே இருக்கும் ஏரியின் உபரி நீர்தான் என்பதை அறிந்தவர்கள் சிலரே. ஆக, கொடைக்கானல் ஏரியை நாம் முதலில் தரிசிப்பது அது மலையை விட்டு இறங்கிப் போகும் கோலத்தில்தான்.

இந்த ஊர் எதற்காக உண்டாயிற்று என்பதைத் தெரிந்துகொண்டால், இங்கே எப்படித் தங்கவேண்டும் என்பது தானே விளங்கும். மதுரையில் பணிபுரிந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் பேதிக்கும் தங்கள் மனைவி மக்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்து, அங்கும் காய்ச்சல் விடாமல் துரத்தவே, பழனிமலைத் தொடரின் மேல் ஏறி, 1845-இல் இங்கே இரண்டு பங்களாக்களை எழுப்பினார்கள். மோட்டார் பாதை ஏற்படும்வரை, பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலோ, ஆட்கள் தூக்கிச் சென்ற நாற்காலியிலோ, நடந்தோதான் வரவேண்டியிருந்தது. அவ்வளவு பிரயாசைப்பட்டு ஏறியவர்கள் மூன்றாம் நாளே இறங்கிவிடுவார்களா? மாதக்கணக்கில் தங்கினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் என்பவர், 1863-இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கி, தூத்துக்குடியிலிருந்து முதல் படகையும் வரவழைத்தார். தங்குவதற்காகவே அமைந்த ஊர் இது. நாமோ இதைப் பார்ப்பதற்காக மட்டும் வருகிறோம்.

பஸ் நிலையத்தில் இறங்கியவுடனேயே ஒரு வேன்காரர் எங்களைச் சூழ்ந்துகொண்டார். ஒருவரே ஆயினும் சூழ்ந்துகொண்டார் என்றுதான் சொல்லவேண்டும். "சார், பன்னெண்டு பாயிண்ட். நாலு மணி நேரத்துல முடிச்சு ரூம்ல விட்டுடறேன். அம்மா, குணா குகை, பில்லர் ராக், பைன் காடு எல்லாம் வந்துடும்." நாலு மணி நேரத்தில் பன்னிரண்டு இடமென்றால் ஓர் இடத்துக்கு இருபது நிமிஷம், அதில் வண்டி நிறுத்த இடம் தேடுவது பத்து நிமிஷம். மிச்சப் பத்து நிமிஷத்தில் ஒரு புகைப்படமும் ஒரு மிளகாய் பஜ்ஜியும் சாத்தியம். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கேட்பவர்கள் கேட்பதை அவர் விற்கிறார். 1991-இல் வந்த ஒரு படமும் 2024-இல் வந்த மற்றொரு படமும் சேர்ந்து ஒரு பாறைப் பிளவைத் தீர்த்த ஸ்தலம் ஆக்கிவிட்ட பிறகு, அங்கே கம்பிவேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதற்கு நிற்கும் கூட்டத்தை அவர் என்ன செய்வார்? "நாங்க சும்மா வந்திருக்கோம்ப்பா" என்றாள் மனைவி. அவர் எங்களை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு அடுத்த குடும்பத்தை நோக்கி நகர்ந்தார்.

கொடைக்கானலில் காலையே காலம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். சூரியன் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடேறி மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு மேலெழுகிறது. மேலே வந்ததும் குளிர்ந்து மூடுபனியாகத் திரள்கிறது. அதனால், காலையில் கண்ணுக்கெட்டிய தூரம் மட்டும் தெரிந்த சமவெளி, மத்தியானத்துக்கு மேல் வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய்விடும். பத்து மணிவரை கம்பளிக்குள் சுருண்டு கிடந்து, பலகாரம் முடித்து, பதினொரு மணிக்குக் கிளம்பி, தூண்பாறையில் நின்று, "ஒண்ணுமே தெரியலையே" என்று அங்கலாய்க்கும் தம்பதிகளுக்காக இரங்குகிறேன். 122 மீட்டர் உயரமுள்ள மூன்று பாறைத் தூண்கள் எதிரேதான் நின்றுகொண்டிருக்கும்.

இதே காலை நேரத்துக்காகத்தான் இந்த மலையில் சூரியனை ஆராயும் கூடம் ஒன்றும் நூறாண்டுக்கு மேலாக விழித்துக்கொண்டிருக்கிறது. தரை சூடேறினால் காற்று அலையாடும். காற்று அலையாடினால் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் சூரியபிம்பமும் நடுங்கும். ஆகவே அதிகாலைத் தெளிவில் படம்பிடித்துவிட வேண்டும். சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பின், சூரியனின் போக்கை அறிந்தால் பருவமழையின் போக்கும் பிடிபடுமோ என்ற ஆவலே இந்தக் கூடத்துக்கு வித்து. 1899-இல் சென்னையிலிருந்து வானாராய்ச்சி இங்கே மாற்றப்பட்டது. மழையின் ரகசியம் பிடிபடவில்லை, வேறொன்று பிடிபட்டது. ரயில் நம்மை நெருங்கும்போது அதன் ஊதல் ஒரு சுருதியிலும் விலகும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்பதுபோல, நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளியும் விலகிச் செல்லும் வாயுவின் ஒளியும் நிறமாலையில் சற்றே இடம் பெயர்ந்து தெரியும். அதைக்கொண்டு, 1909 ஜனவரி 5-ஆம் நாள் எடுத்த படங்களில், சூரியனின் கரும்புள்ளிகளில் மையத்திலிருந்து வெளிப்புறமாக வாயு பரவி ஓடுவதை ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். உலகத்து வானநூல்கள் எல்லாவற்றிலும் 'எவர்ஷெட் விளைவு' என்று அவர் பெயர் ஏறியிருப்பது இந்த மலையின் காலை வேளையால்தான்.

என்னை அதைவிடக் கவர்ந்தவர் அவருடைய மனைவி மேரி. கிரகணம் பார்க்கப் போன யாத்திரையில் பழக்கமாகி, 1906-இல் மணந்துகொண்டு, மறு ஆண்டே கணவரோடு இம்மலைக்கு வந்தவர். கணவருடைய ஆராய்ச்சியில் கைகொடுத்துக்கொண்டே, இத்தாலிய மகாகவி தாந்தேயின் காவியத்தில் உள்ள வானசாஸ்திரத்தைப் பற்றிய பெரிய நூலொன்றையும் எழுதினார். அது 1914-இல் வெளிவந்தது. கணவர் பகலில் சூரியனைப் படிக்க, மனைவி தாந்தேயின் நட்சத்திரங்களைப் படித்துக்கொண்டு, பதினாறு ஆண்டுகள் இந்தக் குளிரில் வாழ்ந்திருக்கிறார்கள். கூடத்து வாசலில் நாங்கள் நின்றபோது இதைச் சொன்னேன். "பதினாறு வருஷமா! துணி எப்படிக் காயப் போட்டாங்களோ" என்றாள் என் மனைவி. மேரி அம்மையாரே இதைக் கேட்டிருந்தால் மிகுந்த நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொண்டிருப்பார்.

மறுநாள் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கு நடந்தே போனோம். அதுவும் ஒரு தம்பதியின் கதைதான். இலங்கைத் தமிழரின் தலைவராக விளங்கிய சர் பொன்னம்பலம் இராமநாதனிடம் காரியதரிசியாக இருந்து, பின் அவரையே மணந்து, சைவத்தைத் தழுவி லீலாவதி என்று பெயர் பூண்ட ஐரோப்பிய வம்சத்துப் பெண்மணி, கணவர் 1930-இல் காலமானபின், 1936-இல் இந்த முருகன் கோயிலைக் கட்டுவித்தார். குறிஞ்சி நிலத்துக்குத் தெய்வம் முருகன் என்ற இலக்கணத்தை இத்தனை பொருத்தமான இடத்தில் நிலைநாட்ட ஓர் அயல்நாட்டுப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. கோயிலைச் சுற்றி நீலக்குறிஞ்சிச் செடிகள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவை. 2018-இல் பூத்தன, அடுத்தது 2030. "அப்போ வரலாம்" என்றாள். முழங்கால் வலிக்குத் தைலம் தடவியபடி அவள் அப்படிச் சொன்னதை ஒரு பிரதிக்ஞையாகவே எடுத்துக்கொண்டேன். வானம் தெளிவாயிருந்ததால் கீழே பழனிப் பக்கத்துச் சமவெளி தெரிந்தது.

பூம்பாறைக்கும் ஒரு பொழுது போய்வந்தோம். படிப்படியாகச் செதுக்கிய சரிவுகளில் பூண்டும் காரட்டும் விளையும் அந்தக் கிராமத்தின் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் மிகுந்தது. போகும் வழியெல்லாம் வானுயர்ந்த பைன், தைலம், வாட்டில் மரங்களைக் கண்டு, இவைதாம் கொடைக்கானல் காடு என்று எண்ணிவிடக்கூடாது. இவை வெள்ளைக்காரர்கள் கொணர்ந்தவை. மண்ணின் சொந்தக் காடு, மலை மடிப்புகளில் பதுங்கிக் கிடக்கும் குட்டையான, அடர்ந்த, பாசி படர்ந்த சோலை. நம் 'சோலை' என்ற சொல்லையே ஆங்கில வனநூலார் எடுத்துக்கொண்டு 'ஷோலா' என்று வழங்குகிறார்கள். சோலையும் அதைச் சூழ்ந்த புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து, கோடையில் ஓடைகளாக விடுகின்றன. நமக்குக் குளியலறையில் வெந்நீர் வரவில்லையே என்பதுதான் கவலை. எங்களுக்கும் அந்த மனஸ்தாபம் இருந்தது. தங்கிய விடுதியில் 'இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர்' என்பதற்குக் காலை ஆறிலிருந்து எட்டுவரை என்று பொருளாம்.

மற்ற நேரமெல்லாம் என்ன செய்தோம் என்று ஊர் திரும்பியதும் பலர் கேட்டார்கள். ஏரியை ஒரு சுற்று நடந்தோம். ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறையும். வழியில் சுட்ட சோளக்கருது வாங்கித் தின்றோம். விடுதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முதல் நாள் அது சிரமமாகத்தான் இருந்தது. பேச விஷயமில்லாமல் கைப்பேசியை எடுத்தேன், அவளும் எடுத்தாள், இரண்டிலும் சமிக்ஞை இல்லை. இரண்டாம் நாள் மாலையில் அவள் தன் பன்னிரண்டாம் வயதில் காவிரி வெள்ளத்தில் தொலைத்த வெள்ளிக் கொலுசைப் பற்றிச் சொன்னாள். முப்பது ஆண்டு இல்வாழ்க்கையில் நான் கேட்டிராத கதை அது.

திங்கட்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு இறங்குகிற பஸ். நாலு மணி சுமாருக்கு, பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு, கோக்கர் நடைபாதைக்குப் போனோம். 1872-இல் கோக்கர் என்ற ராணுவப் பொறியாளர் மலைவிளிம்பை ஒட்டி அமைத்த, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்ப் பாதை. பள்ளத்தாக்கு முழுவதும் பனி நிரம்பியிருந்ததால், பார்க்க ஒன்றுமில்லை என்று ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வேளையில் எங்களுக்குப் பின்புறமாக, மேற்கே சரிந்த சூரியன் மேகத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. எதிரே வெண்பனியின்மேல் இரண்டு நிழல்கள் நீண்டு விழுந்தன. ஒரு நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம். மேல்நாட்டார் 'பிரோக்கன் நிழல்' என்று சொல்வது இதைத்தான். பனியின் நுண்துளிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், பார்ப்பவனுடைய நிழலின் தலையைச் சுற்றியே அந்த வளையம் அவனுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர் நிழலுக்கு அவன் கண்ணில் அது தெரியாது.

இதை நான் விளக்குவதற்குள் அவள் என் கையைப் பிடித்து, "அங்க பாருங்க, என் தலையைச் சுத்தி மட்டும் சாமி படத்துல இருக்கிற மாதிரி வட்டமா வெளிச்சம்" என்றாள்.

"உன் தலையைச் சுற்றி ஒன்றும் இல்லையே, என் தலையைச் சுற்றித்தானே இருக்கிறது" என்றேன்.

"நல்லாப் பாருங்க" என்றாள்.

பார்த்துக்கொண்டே நின்றோம். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.